புயல் வருகிறது: ஆசை ஆசையாய் வைத்திருக்கும் கார்களை எங்கே வைப்பது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். மூன்று நாளில் புயல் கரையைக் கடக்கலாம் என்கிறார்கள். வீடு கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர். தரைமட்ட கராஜில் மூன்று கார்கள்: 1960களின் கார்ப்பரேட்டர் கார் ஒன்று, 1990களின் ஸ்போர்ட்ஸ் கூப்பே ஒன்று, அன்றாடம் ஓட்டும் மின்சாரக் கார் ஒன்று. நல்ல கவர் போட்டு ஜாக் ஸ்டாண்டில் (தூக்கிய காரைத் தாங்கும் இரும்புக் கால்) ஏற்றிவிட்டால் போதுமா, இல்லை வெள்ளப் பை (காரை முழுதாக உள்ளே வைத்து மூடும் நீர்புகாப் பை) வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது வேறொன்று: அந்த கராஜை நம்பலாமா, கூடாதா? பழைய கார்களைப் பிரித்து மீட்டெடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் பதில், நம்பாதீர்கள். உயரமான இடத்துக்குக் கார் போய்விட்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் உபரி. போகவில்லை என்றால், அந்த ஏற்பாடுகள் சேதத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

புயல் என்றதும் எல்லோரும் காற்றின் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். புயலின் வகை எண்ணும் காற்றை மட்டுமே அளக்கிறது. எவ்வளவு தண்ணீர் வரும் என்று அது சொல்லாது. 2017-ல் ஹார்வி சூறாவளி கரையேறி வலுவிழந்த பிறகுதான் டெக்சஸில் பெரிய அழிவே நடந்தது. நகராமல் நின்று பெய்ததில் ஓரிடத்தில் 1,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. மெதுவாக நகரும் சாதாரணப் புயல், வேகமாகக் கடந்துபோகும் கடும்புயலைவிடக் கார்களுக்கு மோசமாக முடியலாம். காற்று பொதுவாகக் காரைப் புரட்டுவதில்லை. மரம், மதில், கூரைத் தகடு போன்றவற்றைக் காரின் மேல் கொண்டுவந்து போடும். அந்த அடியை டிங்கரிங்கும் பெயிண்டும் பார்த்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் ஒரு நாள் கிடந்த ஒயரிங்கை அப்படிச் சரிசெய்ய முடியாது.

எவ்வளவு தண்ணீரில் கார் மிதக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பல விஷயங்கள் தானாகத் தெளியும். நான்கு மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம் என்றால் அடிப்பரப்பு 6.4 சதுர மீட்டர். தரைத்தகட்டுக்கு மேலே ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீரும் ஏறக்குறைய 64 கிலோவைத் தூக்கும். 1,200 கிலோ காருக்கு 19 சென்டிமீட்டர் போதும். அடியில் இருக்கும் இடைவெளி 16 சென்டிமீட்டரைச் சேர்த்தால் மொத்தம் 35, அதாவது முழங்காலுக்கும் கீழே. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே கசிந்து கடைசியில் கார் கீழே அமரும் என்பது உண்மை. ஆனால் அதற்குள் மிதந்து சுவரில், தூணில், பக்கத்துக் காரில் மோதியிருக்கும். டேங்கை நிரப்பினால் கார் மிதக்காது என்பார்கள். 50 லிட்டர் பெட்ரோல் சுமார் 37 கிலோ. அரை சென்டிமீட்டர் வித்தியாசம்தான் வரும். டேங்கை நிரப்புங்கள், தப்பில்லை. ஆனால் காலி இடத்தில் ஈரம் படியாமல் இருப்பதற்காகவும், புயலுக்குப் பின் பெட்ரோல் பங்குகள் மூடியிருந்தால் உதவும் என்பதற்காகவும் நிரப்புங்கள்.

ஜாக் ஸ்டாண்டின் சிக்கலும் இதே கணக்கில்தான் இருக்கிறது. அசையாமல் தேங்கும் மழைநீர், ஒரு சாணளவு, அதற்குமேல் ஏறாது என்று உறுதியாகத் தெரிந்தால் நான்கு ஸ்டாண்டில் ஏற்றி வைப்பது நல்ல வேலை. தண்ணீர் தரைத்தகட்டைத் தாண்டினால் ஸ்டாண்டின் மேல் அழுத்தும் எடை குறையத் தொடங்கும். எடை குறைந்த காரை ஒரு சிறு அலை நகர்த்தினாலே போதும், ஸ்டாண்டிலிருந்து வழுக்கி, கூரான தலை தரைத்தகட்டைக் குத்திக் கிழித்துவிடும். கடல் நீர் புகும் வாய்ப்புள்ள இடத்தில் ஜாக் ஸ்டாண்ட் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். மரக்கட்டை அடுக்குவதும் ஆபத்து. எடை குறைந்ததும் கட்டைகளே மிதந்து போய்விடும். ஹாலோ பிளாக் கல்லைக் காருக்கு அடியில் எப்போதும் வைக்காதீர்கள், வெயில் நாளில்கூட. சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

எனவே நகர்த்துவதைப் பற்றிப் பேசுவோம். தூரத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். இருபது கிலோமீட்டர் உள்ளே போய் ஆற்றங்கரையில் நிறுத்துவதில் பயனில்லை. மேட்டுப் பகுதியில் பெய்த மழை ஆற்றில் இறங்கிவர இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம், வானம் வெளுத்த பிறகு வெள்ளம் வரும். அரசின் நிலவரைபடத்தில் சமஉயரக் கோடுகளைப் பாருங்கள். கைபேசி காட்டும் உயரம் சில மீட்டர் தவறலாம், இங்கே சில மீட்டர்தான் வாழ்வா சாவா. பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று அந்தப் பகுதிக்காரர்களிடம் கேளுங்கள். கடல் எழுச்சி (புயல் கரைமேல் தள்ளும் கடல் நீர்) பற்றிய அறிவிப்பில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: சொல்லும் உயரம் வழக்கமான கடல் மட்டத்துக்கு மேலா, உங்கள் தரைக்கு மேலா? இரண்டும் ஒன்றல்ல. பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் நகரும் திசையின் வலப்பக்கத்திலும், தெற்கே இடப்பக்கத்திலும்தான் காற்று கடலைக் கரைமேல் தள்ளும். பாதை ஐம்பது கிலோமீட்டர் மாறினால் உங்கள் ஊர் நல்ல பக்கத்திலிருந்து கெட்ட பக்கத்துக்குப் போய்விடலாம். வரைபடத்தில் காட்டும் மையக் கோட்டை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான்.

கான்கிரீட் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கிடைத்தால் அதுவே சிறந்த இடம். நிலத்தடித் தளம் வேண்டவே வேண்டாம், தரைத்தளமும் வேண்டாம். மொட்டைமாடித் தளத்தில் பறந்துவரும் பொருள்கள் விழும். இரண்டாவது, மூன்றாவது தளத்தில் திறந்த ஓரத்தை விட்டு, படிக்கட்டோ லிஃப்ட்டோ இருக்கும் உட்சுவரை ஒட்டி நிறுத்துங்கள். கரையைக் கடக்கும்போது புயலின் மையம் தாண்டினால் காற்று எதிர்த்திசைக்குத் திரும்பும். ஒரு பக்கச் சுவரை மட்டும் நம்பி நிறுத்துபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் போனால் நுழைவாயில் தடுப்புக் கம்பி திறக்குமா என்று காவலாளியிடம் கேட்டு வையுங்கள். தானியங்கி லிஃப்டில் காரை அடுக்கும் வகை நிறுத்தம் என்றால் தவிர்த்துவிடுங்கள். குழியில் தண்ணீர் புகுந்தால் இயந்திரம் சரியாகும்வரை கார் வெளியே வராது.

வரிசை முக்கியம். பழைய காரை முதலில் அனுப்புங்கள், வானம் காய்ந்திருக்கும்போதே. வைப்பர் சரியாக வேலை செய்யாத, பிரேக் நனைந்தால் பிடிக்காத காரை மழை தொடங்கிய பிறகு ஓட்ட முடியாது. காரையே மேலே ஏற்றிக் கொண்டுபோகும் ஃப்ளாட்பெட் வண்டிக்கு இன்றே சொல்லிவைக்க வேண்டும். கடைசி நாளில் கிடைக்காது. இரண்டாவது கூப்பே. கடைசியாக, நீங்களும் வீட்டாரும் கிளம்பும் வண்டியாக மின்சாரக் கார். மின்வெட்டு வருவதற்கு முன்பே முழுதாக சார்ஜ் ஏற்றிவிடுங்கள். கரையைக் கடக்கும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்னதாக எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அதற்குள் நகராத கார் அங்கேயே இருக்கட்டும். ஓடும் தண்ணீரில் இறங்கிக் காரைக் காப்பாற்றப் போனவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். அறுபது சென்டிமீட்டர் ஓடும் நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும்.

ஏதோ ஒரு கார் கராஜில்தான் இருந்தாக வேண்டும் என்றால், முதலில் கராஜ் கதவைப் பாருங்கள். கட்டடத்தில் பலவீனமான இடம் அதுதான். கதவு உள்ளே பிதுங்கினால் காற்று புகுந்து கூரையை உள்ளிருந்து தூக்கும். கதவின் பின்புறம் செங்குத்தாக இரும்புத் தாங்கிகள் வைத்து, மேலே உத்திரத்திலும் கீழே தரையிலும் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். காற்றைத் தாங்கும் கதவும் கடலைத் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 2022-ல் இயன் சூறாவளியின்போது ஃப்ளோரிடாவின் நேப்பிள்ஸில் மெக்லாரன் பி1 என்ற விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கராஜுக்குள்ளிருந்தே அடித்துச் செல்லப்பட்டது. பெயிண்ட் டின், பலகை, கருவிப் பெட்டி, பெட்ரோல் கேன் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள் அல்லது உயரத்தில் கட்டிவையுங்கள். தண்ணீரில் மிதந்து காரை மணிக்கணக்கில் இடித்துக்கொண்டே இருப்பவை இவைதான்.

கராஜில் காரைத் தூக்கி நிறுத்தும் நான்கு தூண் லிஃப்ட் உள்ளவர்களுக்கு நிலைமை மேல். காரை ஏற்றி, நான்கு மூலையிலும் பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்து, எடையைக் கேபிளில் இல்லாமல் பூட்டில் இறக்கிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பூட்டை விடுவிக்க முதலில் சற்றே மேலே தூக்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். எனவே கார் சில நாள் மேலேயே இருக்கும் என்று எதிர்பாருங்கள். கூரை தகடா கான்கிரீட்டா என்பதும் முக்கியம், லிஃப்ட்டில் இருக்கும் கார் கூரைக்கு அருகில் போகிறது அல்லவா. லிஃப்ட்டுக்குக் கீழே மின்சாரக் காரை நிறுத்தாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கவர் பற்றி: கராஜுக்குள், மூச்சுவிடும் துணிக் கவருக்கு மேல் தடித்த கம்பளி போர்த்துவது சில்லறை அடிகளைத் தாங்கும். வெளியில் நிறுத்தும் காருக்குக் கவர் வேண்டாம். காற்றில் படபடக்கும் கவர், அடியில் மாட்டிய மணலோடு சேர்ந்து, உப்புத்தாள் போல் பெயிண்டைத் தேய்த்துவிடும்.

வெள்ளப் பையைப் பற்றி விளம்பரம் சொல்லாத ஒன்று. பை நன்றாக வேலை செய்தால், அதாவது ஒரு சொட்டும் புகாவிட்டால், கார் இன்னும் சீக்கிரம் மிதக்கும். அடியில் இருக்கும் இடைவெளியும் பைக்குள் அடைபட்டுவிடுவதால், மேலே சொன்ன கார் தரையிலிருந்து சுமார் 19 சென்டிமீட்டர் தண்ணீரிலேயே எழும்பும். நீரழுத்தத்தில் பை உள்ளே ஒட்டிக்கொள்வதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகலாம். அசையவே விடாமல் இறுக்கிக் கட்டினால், அறுபது சென்டிமீட்டர் நீரில் கயிறுகள் இரண்டரை டன்னுக்கு மேல் இழுவையைத் தாங்க வேண்டும். எனவே நான்கு மூலையிலும் கட்டி, கார் நேராக மேலே எழும்ப மட்டும் தளர்ச்சி விடுங்கள், பக்கவாட்டில் போகாதபடி. தரையைப் பெருக்கி, சிறு கல்கூட இல்லாமல் செய்து, கீழே பழைய கம்பளம் விரித்து, சைலன்சர் முழுதும் ஆறிய பிறகு பையை மூடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ளே வையுங்கள். நான்கு சுவருக்குள் தேங்கும் மழைநீருக்குப் பை உதவும். அலைக்கும் மிதந்துவரும் குப்பைக்கும் முன் அது வெறும் பிளாஸ்டிக்.

இனி, நனையக்கூடும் என்ற நிலையில் காரை எப்படித் தயார்செய்வது. பேட்டரி முதலில். நீரில் மூழ்கிய ஒயரிங்கில் 12 வோல்ட் ஓடிக்கொண்டிருந்தால் மின்னாற்பகுப்பு நடக்கும். செம்புக் கனெக்டர்கள் ஓரிரு நாளில் பச்சைப் பொடியாகிவிடும், உப்பு நீரில் இன்னும் வேகமாக. கண்ணாடிகளை ஏற்றி, டிக்கியைத் திறந்து, மைனஸ் டெர்மினலைக் கழற்றி, பேட்டரியையே வெளியே எடுத்துவிடுங்கள். டிக்கி மின்பூட்டில் மட்டும் திறப்பதாக இருந்தால் பூட்டாமல் விடுங்கள். கார்ப்பரேட்டர் காரில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்ப்பரேட்டர் வாயைத் தடித்த பிளாஸ்டிக்கால் மூடி இறுகக் கட்டுங்கள். சைலன்சர் முனை, ஆயில் ஊற்றும் மூடி, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாய், இன்ஜின் பிரீதர் (உள்ளிருக்கும் காற்று வெளியேறும் துளை), கியர்பாக்ஸ் பிரீதர், பின் ஆக்சில் பிரீதர், பெட்ரோல் மூடியின் காற்றுத் துளை என எல்லாவற்றையும் அடையுங்கள். ஆக்சில் பிரீதர் விரல்நுனி அளவுதான் இருக்கும், பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். அதன் வழியாகச் சேறு போன டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) மாதக்கணக்கில் கழித்து ஊளையிடும். எதையெல்லாம் அடைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள், "ஸ்டார்ட் செய்யாதே" என்ற வரியோடு.

ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். டிரம் பிரேக் ஷூ ஈரத்தில் சில நாள் அழுந்திக் கிடந்தால் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். பழைய காரின் சீட்டுகளையும் தரைக் கம்பளத்தையும் கழற்றி மாடிக்குக் கொண்டுபோவது ஒரு மாலை வேலை. கிடைக்காத துணியும் குதிரைமயிர்ப் பஞ்சும் உள்ள சீட் என்றால் கட்டாயம் செய்யுங்கள். 90களின் கூப்பேயில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. ஏர்பேக் உள்ள கார்களில் மஞ்சள் கனெக்டர்கள் இருக்கும். பேட்டரி கழற்றிய பிறகும் சிறிது நேரம் அதில் மின்னூட்டம் தங்கும். சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம்வரை காத்திருங்கள், புத்தகம் இல்லை என்றால் கைவைக்காதீர்கள். அந்தக் காலக் கார்கள் பலவற்றில் இன்ஜின் கணினி முன்சீட்டுக்காரரின் காலடியில், கம்பளத்துக்குக் கீழே இருக்கும். வெள்ளத்துக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. கழற்றத் தெரிந்தால் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரக் கார் தனிக் கதை. பேட்டரிப் பெட்டிகள் பல ஐபி67 தரத்தில் வருகின்றன. அதன் பொருள் ஒரு மீட்டர் ஆழம், அரைமணி நேரம், நல்ல தண்ணீர். புயல் கொண்டுவருவது உப்பு நீர், மணிக்கணக்கில். உப்பு உள்ளே புகுந்தால் நாள்கள், சில சமயம் வாரங்கள் கழித்தும் தீப்பிடிக்கலாம். 2012-ல் சாண்டி சூறாவளியில் நியூ ஜெர்சி துறைமுகத்தில் மூழ்கிய 16 ஹைபிரிட் கார்கள் எரிந்தன. அங்கே காரணமாகச் சொல்லப்பட்டது பெரிய பேட்டரி அல்ல, உப்பேறிய ஒரு 12 வோல்ட் கட்டுப்பாட்டுப் பெட்டி. காற்று தீயைப் பக்கத்துக் கார்களுக்குப் பரப்பியது. கடல் நீரில் நனைந்த மின்சாரக் காரைக் கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை. லிஃப்ட்டுக்குக் கீழே வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி உறுதியானது. ஆளுக்கு ஆள் கருத்து மாறும் விஷயங்களும் உண்டு. தரைத்தகட்டின் ரப்பர் அடைப்புகளைக் கழற்றிவிட்டால் தண்ணீர் உள்ளே வந்து கார் மிதக்காமல் நிற்கும் என்று சிலர் செய்கிறார்கள். உள்ளலங்காரத்தை முழுதும் கழற்றிய பழைய காரில் இதில் நியாயம் இருக்கிறது, மற்ற கார்களில் எனக்கு ஒப்புதல் இல்லை. சைலன்சர் அடைப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் ஆழத்தைப் பொறுத்தது. சில மணி நேரத்துக்குமேல் நம்ப மாட்டேன். காப்பீடு பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு, பாலிசிக்குப் பாலிசி மாறும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு புதிய பாலிசி தர மறுக்கும் நிறுவனங்கள் உண்டு, எனவே இன்றே கேளுங்கள். இன்ஜின் எண், சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், நான்கு பக்கம் என்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கார் நனைந்துவிட்டது என்றால், சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் அழுந்தாது; சிலிண்டரில் ஒரு கோப்பை அளவு இருந்தாலும் பிஸ்டன் அதில் முட்டி கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நனைந்தது மட்டும் என்றால் பிழைக்கக்கூடிய இன்ஜின், செல்ஃப் அடித்ததால் போய்விடும். பல பாலிசிகளில் அந்தச் சேதத்துக்குப் பணமும் வராது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்தாலோ பால்காபி நிறத்தில் இருந்தாலோ உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். இதை அன்றே செய்ய வேண்டும், சிலிண்டர் சுவரில் துரு சில மணி நேரத்திலேயே தொடங்கும். ஆயிலை வடித்தால் முதலில் வருவது தண்ணீராக இருக்கும். புது ஆயிலை ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். நிறம் தெளிய இரண்டு மூன்று முறை ஆகும். கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், பிரேக் ஆயில், சக்கர பேரிங் கிரீஸ், எல்லாம் மாற்ற வேண்டும்; பெட்ரோல் டேங்கின் அடியில் தேங்கியதையும் வடிக்க வேண்டும்.

கடல் நீர் பட்ட காரை உலர விடாதீர்கள். உலர்ந்த உப்பை எடுப்பது ஈர உப்பை எடுப்பதைவிடப் பல மடங்கு கடினம். கிடைக்கும் நல்ல தண்ணீரால் மேலும் கீழும் உள்ளேயும் கழுவுங்கள், கம்பளத்தையும் கதவுத் தடுப்பு அட்டைகளையும் வெளியே எடுத்து இரண்டு நாளுக்குள் காயவையுங்கள், அதற்குமேல் பூஞ்சை பிடிக்கும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் இடம் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி. அதன் அடியில் வடிகால் துளைகள் இருக்கும். கம்பி விட்டுக் குத்தித் திறந்து, குழாயை உள்ளே நுழைத்து, வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை ஓடவிடுங்கள். வரும் வண்டல் களிமண்போல் இருக்கும். தெளிந்துவிட்டது என்று நினைத்த பிறகு காரின் ஒரு பக்கத்தை ஜாக்கில் தூக்கினால் இன்னும் ஒரு வாளி வரும். நன்றாக உலர்ந்த பிறகு அதே துளை வழியாக மெழுகு எண்ணெய் அடித்துவிடுங்கள்.